சொன்ன வாக்கும் போட்ட வாக்கும்

அத்தியாயம் 14

திங்கட்கிழமை விடிவதற்குள் லுடிவினாவின் மீன் மேசையைச் சுற்றி ஏழு பேர் வந்து நின்றுவிட்டார்கள். அதில் ஒருவர்கூட மீன் வாங்க வந்தவர் இல்லை.

எல்லோருக்கும் ஒரே கேள்விதான். இன்றைக்கு மதியம் உன் தம்பி எந்தப் பக்கம் வாக்களிக்கப் போகிறான்?

தெரிந்தால் சொல்லமாட்டேனா என்று, பால்கெண்டை மீனின் செதிலைச் சுரண்டியபடியே, ஏழு பேருக்கும் ஏழு முறை சொன்னாள் லுடிவினா. ஏழாவது முறை சொல்லும்போது செதிலோடு தோலும் சேர்ந்து வந்துவிட்டது.

"பாத்து மனாங். மீன் என்ன பண்ணுச்சு பாவம்" என்றாள் பக்கத்து மேசைக் கருவாட்டுக்கார நெனிதா.

மனாங் என்றால் அக்கா. சந்தையின் நூற்றுப் பன்னிரண்டு கடைக்காரர்களுக்கும் அவள் மனாங் வினா. சங்கத் தலைவி. அதைவிட முக்கியமாக, கவுன்சிலர் எலிசியோ பால்மாரெஸின் கூடப் பிறந்தவள். இந்த இரண்டாவது பதவிதான் மூன்று மாதமாக அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

புந்தா மராயா நகரின் பழைய சந்தையை ஐம்பது வருடத்துக்குத் தலைநகரத்து நிறுவனம் ஒன்றின் கையில் ஒப்படைக்கும் தீர்மானம், அன்றைக்கு நகர மன்றத்தில் மூன்றாவது வாசிப்புக்கு வருகிறது. அதுதான் கடைசி. நிறைவேறினால் கட்டடத்தை இடித்துவிட்டு நாலு மாடி வணிக வளாகம் எழும்பும். துணிக்கடையும் கைபேசிக் கடையும் கீழே. மீனும் கறியும் காய்கறியும் மூன்றாவது மாடியில். ஐஸ் தண்ணீர் சொட்டும் கூடையோடு யார் மூன்று மாடி ஏறுவது என்று கேட்டால், மின்தூக்கி வருமே என்றார்கள். நகர மன்றத்திலும் ஒரு மின்தூக்கி இருக்கிறது. அதன் கதவில் 'பழுது' என்ற அட்டை தொங்க ஆரம்பித்து இரண்டு கிறிஸ்துமஸ் கடந்துவிட்டது.

போன வருடத் தேர்தலின்போது எலிசியோ இதே மீன் மேசையின்மேல் ஏறி நின்றுதான் பேசினான். தன் உடம்பில் உயிர் இருக்கும்வரை இந்தச் சந்தையின் சாவி இன்னொருவர் கைக்குப் போகாது என்றான். லுடிவினா அதோடு விடவில்லை. காய்ச்சல் உடம்போடு வீடு வீடாகப் போய், அவன் சொன்னால் அது நான் சொன்ன மாதிரி என்று ஒவ்வொருவரிடமும் தன் வாயால் உறுதி கொடுத்தாள்.

அந்த வாய்தான் இப்போது எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆகஸ்டில் முதல் வாசிப்பு. எலிசியோ எதிர்த்துப் பேசினான், சந்தையே கைதட்டியது. அடுத்த வாரம் குழு அறிக்கையில் 'ஆதரவு' என்று கையெழுத்துப் போட்டான். கேட்டதற்கு, அது வெறும் நடைமுறை என்றான். செப்டம்பரில் இரண்டாவது வாசிப்பு. இருபத்திரண்டு நிமிடம் எதிர்த்துப் பேசி முடித்து, ஆதரவாக வாக்களித்தான். கேட்டதற்கு, வேறெப்படி விவாதம் மேலே நகரும் என்றான். வானொலியில் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னான். சங்கக் கூட்டத்தில், தான் எதிர்த்தே வாக்களித்ததாகச் சொன்னான்.

போன திங்கட்கிழமை நடந்ததுதான் பொறுக்க முடியாமல் போயிற்று. மீன் பகுதியை மட்டுமாவது தரைத்தளத்தில் வைக்கவேண்டும் என்று ஒரு திருத்தம் வாக்குக்கு வந்தபோது, அவன் நாற்காலி காலியாக இருந்தது. கழிப்பறைக்குப் போயிருந்தானாம். திருத்தம் ஒரே ஒரு வாக்கில் தோற்றது.

அன்று மாலையே லுடிவினா நகர மன்ற அலுவலகத்துக்குப் போய், ஆகஸ்டிலிருந்து நடந்த எல்லாக் கூட்டங்களின் குறிப்புக்கும் முத்திரை வைத்த நகல் வேண்டும் என்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அதை வாங்கிக்கொண்டது அவளுடைய மகள் ஜோவெலின். போன வாரம் நாம் அவர்களை விட்டது அங்கேதான்.

காலை எட்டு மணிக்கு நெனிதாவை மேசையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, லுடிவினா நகலை வாங்கப் போனாள்.

ஜோவெலினுக்கு இருபத்து நாலு வயது. கணவன் கப்பல் வேலையில் கடல் கடலாய்ச் சுற்றிக்கொண்டிருக்க, லுடிவினா தனியாய் நின்று வளர்த்த ஒரே பெண். மன்றச் செயலாளர் அலுவலகத்தில் கூட்டக் குறிப்பு எழுதும் வேலை அவளுக்கு. ஆறு மாத ஒப்பந்தம். துணை மேயர் கையெழுத்துப் போட்டால் இன்னும் ஆறு மாதம் நீளும். முதல் கையெழுத்து எலிசியோ மாமா ஒரு வார்த்தை சொல்லித்தான் விழுந்தது. அடுத்த கையெழுத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

"அடையாள அட்டை" என்றாள் ஜோவெலின்.

லுடிவினா மகளை முறைத்துப் பார்த்தாள். சந்தைக்குக் கிளம்பும் முன் தட்டில் சோறும் பொரித்த முட்டையும் வைத்து, ஈரத்தலையோடு வெளியே போகாதே என்று கத்திவிட்டு வந்து நாலு மணி நேரம்கூட ஆகவில்லை.

"என்னைத் தெரியலையா உனக்கு?"

"விண்ணப்பதாரரோட அட்டையப் பாத்துட்டுத்தான் குடுக்கணும்."

மகளின் முதுகுக்குப் பின்னால் செயலாளர் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார். அவர் ஒரு பக்கத்தையும் புரட்டவில்லை என்பதை லுடிவினா அப்போதுதான் கவனித்தாள். அவளுடைய அட்டை மீன் மேசைக்கு அடியில் பழைய கைப்பைக்குள் கிடந்தது. திரும்ப நடந்தாள். எடுத்துக்கொண்டு மறுபடியும் வந்தாள். மின்தூக்கியில் 'பழுது' அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்ததால் இரண்டு மாடியையும் இரண்டாவது முறையாக ஏறினாள்.

பதிவேட்டில் பெயர் எழுதினாள், முகவரி எழுதினாள். 'நோக்கம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என்ன போடுவது என்று மகளைக் கேட்டாள். அதை விண்ணப்பதாரர்தான் எழுதவேண்டும் என்றாள் ஜோவெலின், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல்.

லுடிவினா கொஞ்சம் யோசித்து, 'படிக்க' என்று எழுதினாள்.

காகிதக் கட்டை நீட்டும்போதுதான் ஜோவெலின் குரலைத் தாழ்த்தினாள்.

"எங்கயும் நான் கோடு போடலம்மா. ஒரு எழுத்து கூட்டல, குறைக்கல. பேசினது பேசினபடி இருக்கு, போட்டது போட்டபடி இருக்கு. மத்தியானம் எழுத நான்தான் உள்ள உக்காருவேன். என் பக்கம் மட்டும் பாத்துராதீங்க."

அதனால் உனக்கு ஏதாவது என்று லுடிவினா ஆரம்பித்தாள். பின்னால் செய்தித்தாள் சரசரத்தது. அடுத்தவர் வரலாம் என்றாள் ஜோவெலின். அடுத்தவர் என்று அங்கே யாருமே இல்லை.

பதினோரு மணிக்கு எலிசியோ சந்தைக்குள் வந்தான்.

அவன் வருவதை யாரும் சொல்லவேண்டியதில்லை. சிரிப்புச் சத்தம் ஒவ்வொரு வரிசையாக நகர்ந்து வரும். காய்கறிக்காரரின் தோளைத் தட்டினான், கறிக்கடைக்காரரின் பேத்திக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரித்தான். பேத்தியின் பெயர்கூட அவனுக்கு நினைவிருந்தது. எல்லோரிடமும், கவலைப்படாதீங்க என்றான். எதைப்பற்றி, எப்படி என்று மட்டும் சொல்லவில்லை.

மூலையில் இருந்த சாப்பாட்டுக் கடையில் லுடிவினா காகிதங்களை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே வந்து உட்கார்ந்து ஒரு கிண்ணம் பாட்சோய் சொன்னான். குழம்பில் ஊறிய நூடுல்ஸ் என்றால் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர்.

"என்னமோ பேப்பர் வாங்கினியாமே மனாங்."

"வாங்கினேன்."

"என்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

"உன்கிட்ட நாலு தடவ கேட்டேன். நாலு பதில் சொன்னே. அதான் எழுதி வச்சவங்ககிட்டப் போனேன்."

எலிசியோ சிரித்தான். அவனுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மன்ற வேலை வெளியிலிருந்து பார்ப்பதுபோல் இல்லை என்று விளக்கத் தொடங்கினான். பத்துப் பேர் மன்றத்தில் ஐந்து பேர் மேயர் பக்கம். அவர்கள் எப்படியும் ஆதரவுதான். நாலு பேர் எதிர்ப்பு. மேயர் அடுத்த தேர்தலில் தன்னை ஒரு நல்ல இடத்துக்கு நிறுத்துவதாகச் சொல்லியிருக்கிறார். அவரையும் பகைத்துக்கொள்ள முடியாது, சந்தையையும் பகைத்துக்கொள்ள முடியாது. எதிர்த்துப் பேசினால் சந்தைக்குச் சந்தோஷம், ஆதரவாக வாக்களித்தால் மேயருக்குச் சந்தோஷம். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அவன் உண்மையாகவே கேட்டான். லுடிவினா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேர்ந்த பொய்யனாக இருந்திருந்தால்கூடச் சுலபமாக இருந்திருக்கும். எதிரே நிற்பவருக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்வது அவன் பிறவிச் சுபாவம். சொல்கிற நேரத்தில் அவனுக்கே அது சத்தியமாகத் தோன்றும். எட்டு வயதில் ஊர்த் திருவிழா அன்று, உன் சமையல்தான் ருசி என்று இரண்டு சித்திகளிடமும் சொல்லிவிட்டு, இரண்டு வீட்டிலும் வயிறு முட்டச் சாப்பிட்டவன். சித்திகள் இருவரும் அதை வைத்து மூன்று வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். அவன்மேல் மட்டும் இருவருக்கும் பிரியம் குறையவில்லை.

"இன்னைக்கு என்ன போடப் போறே? ஒரே வார்த்தையில சொல்லு."

"சூழ்நிலையப் பாத்து..."

"அது மூணு வார்த்தை மாதிரி இழுக்குது எலிசியோ."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். குரலில் முதல்முறையாகச் சிரிப்பு இல்லை.

"ஜோவெலினோட ஒப்பந்தம் வருதில்ல மனாங். இந்தத் தீர்மானம் நிறைவேறணும்னு துணை மேயருக்கும் மேலேருந்து நெருக்கடி. நீ பாட்டுக்கு எழுந்து நின்னு பேப்பரப் படிச்சா, அந்தப் பேப்பரக் குடுத்தது யாருன்னு பாப்பாங்க. நான் ஒண்ணும் சொல்லல. ஒரு அக்கறையில சொல்றேன்."

"நீ பயமுறுத்தறியா, பயப்படறியா?"

"ரெண்டும் இல்ல."

"பாரு, இதுக்கும் உன்கிட்ட ஒரு பதில் கிடையாது."

பாதிக் கிண்ணத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான். போகிற போக்கில் கடைக்காரப் பெண்ணிடம், நான் இருக்கும்போது இந்த அடுப்பை யார் அணைக்க முடியும் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தப் பெண் நிம்மதியாகச் சிரித்தாள். லுடிவினாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆனாலும் அவன் போட்டுவிட்டுப் போன பயம் வேலை செய்தது. மதியம் வரை அவளால் ஒரு மீனைக்கூட ஒழுங்காக நறுக்க முடியவில்லை. சந்தை போனால் தெருவோரத்தில் கூடை வைத்தாவது பிழைத்துக்கொள்ளலாம். பெண்ணின் வேலை போனால்? மூன்று வருடம் அலைந்து கிடைத்த நாற்காலி அது. பேசாமல் நெனிதாவைப் படிக்கச் சொல்லலாமா என்று பார்த்தாள். நெனிதாவுக்குக் கூட்டத்தைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஒரு மணிக்கு மகளை அழைத்தாள். ஜோவெலின் எடுக்கவில்லை. நான் படிக்கட்டுமா வேண்டாமா, உன் வேலை என்ன ஆகும் என்று செய்தி அனுப்பினாள். பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது.

'படிக்கன்னுதானே எழுதினீங்க. படிங்க.'

லுடிவினா ரப்பர் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போடும் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மன்ற அரங்கில் எண்பது நாற்காலிகள். அன்றைக்கு எழுபதில் மீன் வாடை அடித்தது. மேடையில் நடுவே துணை மேயர் கதல்பாஸ். ஒன்பது வருடம் கவுன்சிலராக இருந்து மேலே வந்தவர், மெலிந்த மனிதர், மென்மையான குரல். துணை மேயர் கூட்டத்தை நடத்துவாரே தவிர வாக்களிக்கமாட்டார். இரண்டு பக்கமும் சமமாக நின்றால் மட்டும்தான் அவர் வாக்கு வேண்டும். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்த நாள் முதல் அப்படி ஒரு தேவை வந்ததில்லை. சுத்தியலைத் தட்டுவதும் தலையை ஆட்டுவதுமாகவே காலத்தை ஓட்டிவிட்டார்.

அவருக்குக் கீழே சின்ன மேசையில் ஜோவெலின் குனிந்து உட்கார்ந்திருந்தாள். லுடிவினா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பொதுமக்கள் தரப்பில் ஒருவருக்கு மூன்று நிமிடம் என்றார் துணை மேயர். லுடிவினா ஒலிபெருக்கியின் முன்னால் போய் நின்றாள். தான் எதுவும் பேசப் போவதில்லை, இந்த மன்றத்தின் குறிப்பிலிருந்தே வாசிக்கப் போவதாகச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. இத்தனை வருடம் மீன் விலை கூவிய குரல்.

"ஆகஸ்டு பதினொண்ணு. மாண்புமிகு கவுன்சிலர் பால்மாரெஸ், 'இந்தத் தீர்மானம் ஏழைகளின் சோற்றில் மண் போடுவது' என்றார். ஆகஸ்டு பதினெட்டு. குழு அறிக்கை. பால்மாரெஸ், ஆதரவு. செப்டம்பர் எட்டு. மாண்புமிகு கவுன்சிலர் பால்மாரெஸ் இருபத்திரண்டு நிமிடம் எதிர்த்துப் பேசினார். வாக்கு, ஆதரவு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு முன்னே பரவி வந்து மேடையையும் தொட்டது. மேயர் பக்கத்துக் கவுன்சிலர் ஒருவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். எலிசியோவும் புன்னகைத்துக்கொண்டுதான் இருந்தான், வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல.

"அக்டோபர் ஆறு. தரைத்தளத் திருத்தம். ஆதரவு நாலு, எதிர்ப்பு அஞ்சு. பால்மாரெஸ், அவையில் இல்லை."

இந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

எலிசியோ எழுந்து, முன்பின் இல்லாமல் துண்டு துண்டாக வாசிப்பது நியாயமில்லை என்றான். துணை மேயர் லுடிவினாவைப் பார்த்தார். வேண்டுமானால் இருபத்திரண்டு நிமிடத்தையும் முழுதாக வாசிக்கிறேன் என்றாள் அவள். அரங்கம் முழுக்க, வேண்டாம் என்பதுபோல் ஒரு முனகல் எழுந்தது. துணை மேயர் எலிசியோவை உட்காரச் சொன்னார்.

லுடிவினா காகிதத்தை மடித்தாள். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து 'நீ' என்றே கூப்பிட்டுப் பழகிய தம்பியைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"மாண்புமிகு கவுன்சிலர் அவர்களே, உங்களுக்காக வீடு வீடா நான்தான் வாக்குக் குடுத்தேன். இதுல நீங்க சொன்னது எது, செஞ்சது எதுன்னு அவங்க என்னக் கேக்குறாங்க. நான் என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லிருங்க."

அந்த 'நீங்க'தான் அவனை உலுக்கியது. புன்னகை உதட்டிலேயே இருந்தது, ஆனால் கண் கீழே போய்விட்டது. மூன்று நிமிட மணி அடித்தது. லுடிவினா தன் இடத்துக்குப் போய் உட்காரவில்லை. சுவரோரமாக, அவன் நிமிர்ந்தால் பார்வையில் படுகிற இடத்தில் நின்றுகொண்டாள்.

பெயர் சொல்லி வாக்கெடுப்பு தொடங்கியது. எட்டாவது பெயர் முடிந்தபோது ஆதரவு நாலு, எதிர்ப்பு நாலு. ஒன்பதாவது பெயர் பால்மாரெஸ்.

எலிசியோ எழுந்தான். வாக்கை விளக்க அனுமதி கேட்டான். சந்தை தன் ரத்தத்தில் ஓடுவதாகச் சொன்னான். அதே சமயம் நகரம் வளரவேண்டும் என்றான். ஒரு பக்கம் பார்த்தால் மண்வாசனை, மறுபக்கம் பார்த்தால் முன்னேற்றம். ஐந்தாவது நிமிடத்தில் துணை மேயர் சுத்தியலைத் தட்டி, ஆதரவா எதிர்ப்பா என்றார்.

"என்னைக் கடைசியா கூப்பிடுங்க."

அரங்கம் பெருமூச்சு விட்டது. நெனிதா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பத்தாவது கவுன்சிலர் ஆதரவு என்றார். ஐந்துக்கு நாலு.

மறுபடியும் பால்மாரெஸ் என்று அழைத்தார்கள். எலிசியோ கழிப்பறைப் பக்கத்துக் கதவைப் பார்த்தான். அங்கே மூன்று கறிக்கடைக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வழிமறிக்கவில்லை, இடம் இல்லாததால் நின்றார்கள். மேயரின் ஆட்கள் பக்கம் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அவள் மடித்த காகிதத்தைப் பிடித்தபடி அதே சுவரோரத்தில் நின்றாள்.

"எதிர்ப்பு" என்றான் எலிசியோ. ஒலிபெருக்கியில் சரியாக விழவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார்கள். "எதிர்ப்பு."

ஐந்துக்கு ஐந்து.

ஒரு நிமிடம் யாருக்கும் அது புரியவில்லை. புரிந்தபோது எல்லாத் தலைகளும் மேடையின் நடுவே திரும்பின. துணை மேயர் கதல்பாஸ் கையில் சுத்தியலோடு உட்கார்ந்திருந்தார். இனி அவர்தான் சொல்லவேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

கூட்டம் அடுத்த திங்கட்கிழமைக்கு ஒத்திவைக்கப்படுகிறது என்றார். யாரும் ஆட்சேபிப்பதற்குள் சுத்தியல் விழுந்துவிட்டது.

வாசலில் வெயில் சாய்ந்திருந்தது. லுடிவினா படியிறங்கி வருவதற்குள் எலிசியோவைச் சுற்றிக் கூட்டம். உள்ளூர் வானொலிக்காரர் அவன் வாயருகே கருவியை நீட்டியிருந்தார்.

"முதல் நாள்லேருந்து இந்தத் தீர்மானத்த நான் எதிர்த்துத்தான் வந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான் எலிசியோ. "ஒரு நாளும் மாறினதில்ல."

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நெனிதாவும் தட்டினாள். லுடிவினா அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில், தட்டிய கை பாதியிலேயே நின்றது.

"நம்ம பக்கம் வந்துட்டாருல்ல மனாங்" என்றாள் நெனிதா, மன்னிப்புக் கேட்கும் குரலில்.

லுடிவினாவுக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை. ஒரு வாரமாய்த் தூக்கமில்லாமல், பெண்ணின் வேலையைப் பணயம் வைத்து, ஊர் முன்னால் உடன்பிறந்தவனை நிற்க வைத்து, ஒரே ஒரு சொல்லை அவன் வாயிலிருந்து பிடுங்கியிருக்கிறாள். வெளியே வந்து ஐந்து நிமிடத்தில், அந்தச் சொல் முதலிலிருந்தே தன் பையில்தான் இருந்தது என்கிறான். அதையும் அவன் நம்பிவிட்டான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தான்.

"இப்ப சந்தோஷமா மனாங்?"

"அடுத்த திங்கட்கிழமையும் இதையே சொல்லுவியா?"

"என்ன இப்படிக் கேக்குறே" என்று சிரித்தான். பிறகு தெருவின் எதிர்ப்பக்கம் நின்ற மேயரின் ஓட்டுநருக்குக் கையசைத்தான். அந்தப் பக்கமே நடந்துவிட்டான்.

நெனிதாவும் மற்றவர்களும் சந்தைக்குத் திரும்பினார்கள். லுடிவினா மட்டும் படிக்கட்டிலேயே நின்றாள். வேலை முடியும் நேரமாகியும் ஜோவெலின் இறங்கி வரவில்லை. செயலாளர் போனார். காவலாளி ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டு வந்தார். இரண்டாவது மாடியில் ஓர் அறையில் மட்டும் விளக்கு எரிந்தது. அது துணை மேயரின் அறை.

ஐந்தே முக்காலுக்கு ஜோவெலின் வந்தாள். கையில் பை இருந்தது. மேசையிலிருந்து எதையும் காலி செய்து எடுத்து வந்ததாகத் தெரியவில்லை. லுடிவினாவுக்கு மூச்சு வந்தது. ஆனால் பெண்ணின் முகம் வெளுத்திருந்தது.

"துணை மேயர் கூப்பிட்டாரு."

"ஒப்பந்தத்தப் பத்தியா?"

"அதப் பத்தி ஒரு வார்த்தை பேசல. உங்கம்மா இன்னைக்குப் படிச்சாங்களே, அந்த மாதிரி, தான் கவுன்சிலரா இருந்த ஒன்பது வருஷத்துக் குறிப்பும் இங்க இருக்கான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"ஒரு பக்கம்கூடக் குறையாம இருக்குன்னேன்."

லுடிவினா மேலே பார்த்தாள். ஜன்னலில் மெலிந்த உருவம் ஒன்று நின்று கீழே அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்புறம் என்ன சொன்னாரு?"

"அந்தக் குறிப்பெல்லாம் இருக்குற அலமாரிச் சாவி யாருகிட்ட இருக்குன்னு கேட்டாரு" என்றாள் ஜோவெலின். "என்கிட்டத்தான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."